குடிக்காமல் தள்ளாடியவர்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டட வேலையில் தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நின்றால் தரை சரி. ஓரம் ஒதுங்கினால் தரை கோணல். அந்தக் கருவியின் பெயர்தான் ரசமட்டம். தரைக்கு டைல்ஸ் பதிக்கும் இந்த மனிதர் இருபத்தாறு வருஷத் தொழிலில் அதைக் கையால் தொட்டதில்லை. வாசலில் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "அந்த மூலை ஒரு நூல் தூக்கியிருக்கு" என்பார். ஒரு நூல் என்றால் தீக்குச்சியின் கனம். சந்தேகப்பட்டவர்கள் கருவியை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல் தூக்கியிருக்கும். அதற்குப் பிறகு அவர் இரண்டு நாளைக்குத் தலை நிமிர்ந்து நடப்பார். கொஞ்சம் தற்பெருமைக்காரர்தான். தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

நோய் அவருடைய கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செருப்பு மாட்டக் குனிந்தவருக்கு இடது காது அடைத்துக்கொண்டது, குளிக்கும்போது தண்ணீர் புகுந்தாற்போல. பிறகு பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்ட மாதிரி ஓர் இரைச்சல். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அடுத்த நிமிஷம் அறை சுற்ற ஆரம்பித்தது. தலைக்குள் சுற்றுகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. சுவர், அலமாரி, கதவு எல்லாம் ஒரே பக்கமாக ஓடுவதைத்தான் கண்ணால் பார்த்தார். கண்ணை மூடினார், அப்போதும் ஓடியது. கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே வாந்தி எடுத்தார்.

ஓடிவந்த மனைவி முதலில் செய்த காரியம், குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தது. வாடை எதுவும் இல்லை. அதன் பிறகுதான் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பத்து வயதில், தெருவில் விழுந்துகிடக்கும் அப்பாவைத் தட்டி எழுப்பித் தோளில் சாய்த்துக் கூட்டிவந்த பெண் அவள். பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, "குடிப்பீங்களா?" என்று நேராகவே கேட்டாள். "டீயே ரெண்டு வேளைதாங்க" என்றார் அவர். அந்தப் பதிலுக்காகத்தான் கழுத்தை நீட்டினாள். அந்த வாக்கை அவர் இன்றுவரை மீறியதில்லை. துணி திருத்திக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. அங்கே மற்றப் பெண்கள் புருஷன்மார் குடியைப் பற்றிப் புலம்பும்போது, ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிடுவாள். தன் அதிர்ஷ்டத்தைச் சொல்லிக் கண்பட வைக்க வேண்டாம் என்ற எண்ணம்.

காது டாக்டர் பொறுமைசாலி. காதில் கருவி மாட்டி ஒலி கேட்க வைத்தார், தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், ஒரு காகிதத்தில் படம் வரைந்தார். "காதுக்கு உள்ள நம்ம உடம்போட சமநிலையைப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு. அதுல தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கும். உங்களுக்கு அது அளவு மீறி அழுத்துது."

"அப்ப உள்ள இருக்கற ரசமட்டம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதேதான்."

"இது எப்ப எப்ப வரும்?"

"சொல்ல முடியாது."

"எப்ப போகும்?"

"அதையும் சொல்ல முடியாது. உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாம சாப்பிடுங்க, தூக்கம் கெடாம பாத்துக்குங்க. உயிருக்கு ஆபத்து இல்ல, பயப்படாதீங்க."

உயிருக்கு ஆபத்தில்லை. நல்ல செய்திதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த உயிரை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்று எந்தச் சீட்டிலும் எழுதித் தர மாட்டார்கள். குளிக்கும்போது கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போட முடியவில்லை. ஒரு கை சுவரிலேயே இருக்க வேண்டும். மேல் அலமாரியில் இருப்பதை அண்ணாந்து எடுக்க முடியவில்லை. ஸ்கூட்டரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். பெரிய கடைகளில் இரண்டு பக்கமும் பொருள் அடுக்கிய சந்துக்குள் நடந்தால் அடுக்குகள் எல்லாம் அவர்மேல் சாய்கிற மாதிரி இருந்தது. படுக்கையில் புரள்வதற்குக்கூட யோசனை செய்துதான் புரண்டார். இடது காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் இருவரும் கட்டிலில் இடம் மாறிக்கொண்டார்கள். பதினெட்டு வருஷமாகச் சுவரோரம் படுத்துப் பழகியவள் இந்தப் பக்கம் வந்தாள். "இனிமே உங்க நல்ல காதுல திட்டறேன்" என்றாள்.

உண்மையில் சுற்றுகிற நாட்கள் மாதத்துக்கு மூன்றோ நாலோதான். மற்ற நாட்களைத் தின்றது பயம். இப்போது வருமோ, வாசலில் வருமோ, ரோட்டைக் கடக்கும்போது வருமோ என்று காதையே காவல் காத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிற நாளில்கூட நன்றாக இருக்கிறோம் என்று நம்ப முடியாமல் போனது. எனக்கு அவரை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் வருத்தமாக இருக்கிறது.

வேலையிடத்தில் முதல்முறை வந்தது ஒரு மாடிவீட்டுக் கூடத்தில். டைலைப் பதித்ததும் ரப்பர் சுத்தியலால் தட்டிக் கேட்பது வழக்கம். அடியில் கலவை சேராமல் வெற்றிடம் இருந்தால் சத்தம் பொள்ளென்று வரும். வலது காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இடது காது அடைத்தது. கொஞ்ச நேரத்தில் கூடம் சுற்றியது. ஜன்னலோரம் தவழ்ந்து போய் வாந்தி எடுத்தார். எழுந்து நிற்கப் பார்த்தார், கால் கோணிக்கொண்டு போனது.

மேஸ்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "என்னடா, நேத்து ஜாஸ்தியாயிடுச்சா?" என்றார் சிரித்தபடி.

ரசமட்டத்துக்கு அந்த ஒரு நொடியில் இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். ஒருவர் பெயிண்டர். போன வருஷம் வேலையிடத்தில் வலிப்பு வந்து விழுந்தார். ஆளாளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், பிறகு ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இன்னொருவர் கொத்தனார். வாரத்தில் இரண்டு நாள் குடித்துவிட்டு மணல் மேட்டில் தூங்குவார். அவரை மேஸ்திரி வாயில் வந்தபடி திட்டுவார், மறுநாள் காலையில் அவரே வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டிவருவார். குடிகாரனுக்கு நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது. நோயாளிக்கு அது இல்லை. ரசமட்டம் போட்ட கணக்கு இதுதான்.

"ஆமாண்ணே. கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

"சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கற? போய்ப் படு. நாளைக்கு ஒழுங்கா வந்து சேரு."

எட்டு மாதமாக உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டாமல், வாயால் மட்டும் சரி என்றார்.

இந்தப் பொய் மூன்று மாதம் நன்றாகவே வேலை செய்தது. தள்ளாடினால் திட்டு, மறுநாள் வேலை. பிறகு ஒருநாள் மேஸ்திரி தன் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க மனைவியின் கடைக்குப் போனார். ஐந்தாறு பெண்கள் இருக்கும் இடத்தில், அக்கறையாகத்தான், "தங்கச்சி, உன் வீட்டுக்காரனைக் கொஞ்சம் கட்டுப்படுத்து. கைவேலைக்காரன், குடிச்சே அழிஞ்சுடப்போறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலை நிமிரவில்லை. மற்றப் பெண்கள் அன்றைக்கு அவளோடு ரொம்ப அன்பாகப் பேசினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"எங்கப்பா குடிச்சுட்டு வந்து குடிக்கலேன்னு சத்தியம் பண்ணுவாரு. நீங்க குடிக்காமலே குடிச்சேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. எனக்குன்னு எங்கிருந்துதான் வந்து வாய்க்கிறீங்களோ."

அவர் காரணத்தைச் சொன்னார். பெயிண்டரைச் சொன்னார், கொத்தனாரைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"வியாதின்னு சொன்னா என்ன குறைஞ்சுடுவீங்க?"

"வேலை போயிடும். வேலை போனா நான் எதுக்கு?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. டாக்டர் சீட்டை எடுத்து நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பொய் கழுத்தை அறுத்தது ஒரு குளியலறையில். குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாது. தண்ணீர் போகும் குழியைப் பார்த்து லேசாகச் சாய வேண்டும். அந்தச் சாய்வுக்கு வாட்டம் என்று பெயர். கண்ணாலேயே வாட்டம் கொடுப்பதில்தான் அவர் பெயர் வாங்கினார். அந்த வாரம் இரண்டு முறை சுற்றியிருந்தது. சுற்றல் நின்ற பிறகும் அவருக்கு உலகம் ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கருவியை வைத்துப் பார்த்திருப்பார். இவருக்குத்தான் ரசமட்டம் என்று பெயராயிற்றே. தன் கண்ணை நம்பி, அந்தச் சாய்ந்த உலகத்துக்குப் பொருத்தமாக வாட்டம் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டுக்காரம்மா குடிவந்து முதல் குளியல் போட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குழிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மொத்தமும் கதவுக்கு அடியில் நுழைந்து படுக்கையறைக்குப் போய்விட்டது. ஈரத் தலையோடு மேஸ்திரிக்குப் போன் செய்தவர், நடுவில் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

மேஸ்திரி திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காரில் வந்து இறங்கினார். "என் மச்சான் ஒருத்தன் இப்படித்தான் இருந்தான். குடியை நிறுத்தற ஒரு இடம் இருக்கு, அங்க போயித்தான் மனுஷனானான். கிளம்பு. தங்கச்சி, நீயும் வாம்மா" என்றார். மனைவி கணவனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. மேஸ்திரியின் நல்ல மனசைப் பார்த்ததும் அவருக்கு வாய் இன்னும் இறுகிக்கொண்டது. போய்க் காரில் உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் ஓர் ஆலோசகர் தாளும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தார். மேஸ்திரியும் மனைவியும் பக்கத்தில்.

"எத்தனை வருஷமா?"

"ஒரு வருஷம் ஆகப்போகுதுங்க."

"எந்த நேரத்துல?"

"நேரங்காலமே கிடையாதுங்க."

"கடைசியா?"

"செவ்வாய்க்கிழமை. மூணு மணிநேரம்."

"நிறுத்தணும்னு எப்பவாவது நெனச்சதுண்டா?"

"தினமும் நெனைக்கறேங்க" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆலோசகர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பரிவோடு பார்த்தார். மேஸ்திரி மூக்கை உறிஞ்சினார்.

"சரி, என்ன குடிப்பீங்க?"

ரசமட்டம் விழித்தார். ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "செவப்பா இருக்குமே... அது" என்றார்.

மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

"இவரு குடிக்க மாட்டாருங்க" என்றாள்.

"எல்லா வீட்டுலயும் மொதல்ல இதைத்தாம்மா சொல்லுவாங்க."

அவள் கைப்பையைத் திறந்து, மடிப்புகளில் கிழிந்துபோயிருந்த டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்தாள். ஆலோசகர் இரண்டு தடவை படித்துவிட்டு மேஸ்திரியிடம் நீட்டினார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் மூவரும் நின்றார்கள். மேஸ்திரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காரைத் திறக்காமல் இருந்தார்.

"குடின்னா விட்டுடலாம்" என்றார் கடைசியில். "இதை எப்படிப்பா விடறது?"

"அதனாலதாண்ணே சொல்லலை."

"பெயிண்டரை நான் கூப்பிடாம விட்டது கல்நெஞ்சுன்னு நெனச்சுட்டியா? அவன் உயரத்துல நிக்கறவன்டா. விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் உக்காந்துதானே வேலை செய்யறேன். தரையில இருக்கறவன் எங்க போய் விழுவேன்?"

மேஸ்திரி காரைத் திறந்தார். இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் ரசமட்டம் தன் ரப்பர் சுத்தியலைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று மனைவி உள்ளுக்குள் குமைந்தாள். அதற்காக அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

அவள் கேட்டது வேறு. "அந்தம்மா வீட்டு பாத்ரூம் இன்னும் அப்படியேதானே இருக்கு?"

"கதவுக்கு அடியில துணியை வச்சுக்கிட்டு குளிக்கறாங்களாம்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நாம போய்ச் சரி பண்ணிட்டு வருவோம்."

"நாமன்னா?"

"உங்க கண்ணை நம்பறதுக்கில்ல. என் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

சனிக்கிழமை அவர் கட்டடச் சாமான் கடைக்குப் போய் ஒரு ரசமட்டம் வாங்கினார். கடைக்காரர் அவரைத் தெரிந்தவர். "யாருக்குண்ணே?" என்றார். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா முதலில் கதவைப் பாதிதான் திறந்தார். மனைவியைப் பார்த்த பிறகு முழுக்கத் திறந்தார். பழைய டைல்களைப் பெயர்க்கவே மதியம் ஆகிவிட்டது. அவர் கலவை போட்டு ஒவ்வொன்றாக வைப்பார், அவள் கருவியை அதன்மேல் வைத்துக் குனிந்து பார்ப்பாள்.

"குமிழி எங்க நிக்குது?"

"குழிக்கு எதிர்ப்பக்கம். ஐயோ, தப்பா?"

"இல்ல, அதான் சரி. குமிழி மேட்டுப் பக்கம்தான் ஓடும். தண்ணி அதுக்கு எதிர்ப்பக்கம் போகும்."

"உங்களை மாதிரியே எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பக்கம்."

நடுவில் இரண்டு தடவை அவருக்கு ஒரு டைல் கோணலாகத் தெரிந்தது. தூக்கிவிடலாம் என்று கை போனது. அவள் கருவியை வைத்துக் காட்டினாள். சரியாக இருந்தது. தன் கண்ணையே நம்பி வாழ்ந்தவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் செய்த மிகக் கடினமான வேலை அதுதான் என்பேன்.

டைல்கள் இறுகுவதற்கு மூன்று நாள் விட்டு, சாயங்காலம் சோதித்துப் பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரம்மா சொல்லி மேஸ்திரியும் வந்திருந்தார். மனைவி ஒரு வாளித் தண்ணீரை நிரப்பினாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு இடது காது கனத்தது. கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊத்து" என்றார்.

தண்ணீர் தரையில் பரவும் சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு வலது காதில், குழிக்குள் தண்ணீர் களகளவென்று இறங்குவது தெளிவாகக் கேட்டது.

"எங்க போகுது?" என்றார், கேட்டும் நம்பாமல்.

"குழிக்குத்தாங்க. அத்தனையும்."

அன்றைக்கு அதற்குமேல் சுற்றவில்லை. சும்மா மிரட்டிவிட்டுப் போய்விட்டது. மேஸ்திரி தரையை ஒரு தடவை, கீழே உட்கார்ந்திருந்தவரை ஒரு தடவை பார்த்தார். கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"நாளைக்கு ஒரு வீட்டுல சமையலறை ஆரம்பிக்கணும். வர்றியா?"

பழைய ரசமட்டமாக இருந்தால் கேள்வி முடிவதற்கு முன் வர்றேன் என்றிருப்பார். "காலையில எழுந்து பாத்துட்டுத்தாண்ணே சொல்ல முடியும்" என்றார்.

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. நீ என்னடான்னா விடிஞ்சாத்தான் பேசவே முடியும்ங்கற." மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு மணிக்குப் போன் பண்றேன். சொல்லு."

மறுநாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். ஆறு மணிக்குப் போன் அடித்தது. மனைவி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் பார்த்தார். அணைந்திருந்தது.

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பழைய பொய்தான், பழக்கமான பொய். மனைவி போனை அவருடைய வலது காதில் வைத்தாள்.

"அண்ணே, இன்னிக்கு முடியாதுண்ணே. சுத்துது."

அந்தப் பக்கம் மேஸ்திரி யாரையோ கலவையை நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு அவர் போனுக்குத் திரும்பி வந்தார்.

"சரி, படு" என்றார். "நாளைக்குப் பாக்கலாம்."